முதுமைக்கு எந்தக் காப்பீடு?

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையையொட்டி, பாலுசெட்டிசத்திரத்துக்கு அருகில் இருக்கிறது தாமல். பெரிய ஏரியும் பழைய கோயில்களும் நெசவும் வேளாண்மையும் இவ்வட்டாரத்தின் அடையாளங்கள். தறிக்குழியில் காலை இறக்கி ஆயுள் முழுவதும் மிதிப்பலகையை மிதித்தவருக்கு முதுமை முதலில் கண்ணில் தெரியும். பிறகு முழங்காலில், முதுகில். உழைப்பு நின்ற நாளில் வருமானமும் நின்றுவிடும். மருத்துவச் செலவோ அன்றுதான் தொடங்கும்.

இப்பகுதி முதியவர்கள் பலரிடம் அட்டைகளுக்குக் குறைவில்லை. குடும்ப அட்டை, ஆதார் அட்டை, நல வாரிய அட்டை, காப்பீட்டு அட்டை என்று ஒரு நெகிழிப் பையில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அவற்றுள் எது எந்த நோய்க்கு, எந்த மருத்துவமனையில் உதவும் என்பதுதான் தெரிவதில்லை. அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளையே இங்கு தொகுத்திருக்கிறேன்.

முதலமைச்சர் காப்பீடு: தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. தகுதியுள்ள ஒரு குடும்பம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு 2022இல் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இத்திட்டத்தில் சேர வயது வரம்பு இல்லை. குடும்ப அட்டை, ஆதார், வருவாய்த் துறையின் வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்தை அணுக வேண்டும். ஐயங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் உண்டு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இத்திட்டம் தனி மனிதரைப் பார்ப்பதில்லை, குடும்பத்தைப் பார்க்கிறது. 1,20,000 ரூபாய் என்பது மாதத்துக்கு 10,000 ரூபாய். மகன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாலே குடும்ப வருமானம் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். அதே குடும்ப அட்டையில் பெயருள்ள தாயும் தந்தையும் தங்களுக்கென ஒரு ரூபாய் வருமானம் இல்லாத நிலையிலும் வெளியே தள்ளப்படுவார்கள்.

எழுபது வயதுக்கு மேல்: அந்த இடைவெளியை நிரப்பக்கூடியது, 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து, அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை. இதற்கு வருமான வரம்பே இல்லை. 70 வயது நிறைந்தால் போதும். வயதுக்கு ஆதாரே சான்று. கணவன், மனைவி இருவரும் எழுபதைக் கடந்திருந்தால் 5 லட்சம் ரூபாயை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். குடும்பம் ஏற்கெனவே ஆயுஷ்மான் திட்டத்தில் இருந்தால், முதியவர்களுக்கு மட்டும் தனியாக இன்னொரு 5 லட்சம் உண்டு. முன்பே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. மத்திய அரசு ஊழியர், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டங்களில் இருப்பவர்கள் பழையதையோ புதியதையோ ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தனியார் காப்பீடோ இ.எஸ்.ஐ.யோ வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆனால் அட்டை கையில் இருப்பது வேறு, அருகிலுள்ள மருத்துவமனை அதை ஏற்பது வேறு. மத்திய, மாநில அரசுகள் 60:40 என்ற விகிதத்தில் செலவைப் பகிரும் திட்டம் இது. மாநில முகமை வழியாகவே நடைபெறுகிறது. ஆகவே, உடல்நலம் நன்றாக இருக்கும்போதே 14555 என்ற எண்ணில் அழைத்து, நம் வட்டாரத்தில் எந்த மருத்துவமனையில் இந்த அட்டை செல்லும் என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

பலரும் அறியாத உரிமை: திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் பணிபுரிந்து ஓய்வு பெறுவோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குறைந்தது ஐந்து ஆண்டுகள் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து, ஓய்வு வயதை எட்டி விலகியவர், ஆண்டுக்கு வெறும் 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் தம் துணைவருக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். வேலையை விட்டதும் இ.எஸ்.ஐ. முடிந்துவிட்டதாக நினைத்து இதைக் கைவிடுபவர்கள் பலர். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கோ ஓய்வூதியத்தில் மாதந்தோறும் தொகை பிடித்தம் செய்யும் தனித் திட்டம் இருக்கிறது.

காப்பீடு தராதவை: காப்பீட்டு அட்டை பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. முதியவர்களின் அன்றாடச் செலவோ இரத்த அழுத்த மாத்திரை, நீரிழிவு மாத்திரை, பரிசோதனை என்று சிறுகச் சிறுகக் கரைவது. அதற்கு அட்டை உதவாது. 2021 ஆகஸ்ட் 5 முதல் நடைபெறும் 'மக்களைத் தேடி மருத்துவம்' உதவும். மாத்திரைகளும், இயன்முறைச் சிகிச்சையும், வலிதணிப்புச் சிகிச்சையும் இதன்வழி வீட்டுக்கே வருகின்றன. கண்புரை அறுவைச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். சரிகை இழையைப் பிரித்தறிய முடியாமல் தறியை விட்டு இறங்கிய ஒருவர் அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. புற்றுநோய்க்குக் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரிலான அரசு மருத்துவமனை உண்டு. நெடுஞ்சாலையோர ஊர் என்பதால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் அரசு ஏற்கிறது. அதற்குக் காப்பீட்டு அட்டையோ வருமானச் சான்றோ தேவையில்லை.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை: ஆதாரில் பிறந்த ஆண்டு சரியாக உள்ளதா, குடும்ப அட்டையில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரின் முதலெழுத்து இரண்டிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். தறியிலும் கழனியிலும் தேய்ந்த விரல்களின் ரேகை கருவியில் பதியாமல் போவதுண்டு. ஆதாருடன் கைப்பேசி எண்ணை இணைத்துவிட்டால், கடவுச்சொல் வழியாகச் சரிபார்க்க முடியும். மருத்துவமனைக்குச் சென்றால், பணம் கட்டும் இடத்துக்குப் போகும் முன் காப்பீட்டு உதவி மையத்துக்குப் போக வேண்டும். ஒப்புதல் பெற்ற சிகிச்சைக்குத் தனியே பணம் கேட்டால் இரசீது கேளுங்கள். உதவி எண்ணில் உடனே முறையிடுங்கள்.

இவையெல்லாம் காகிதத்தில் தெளிவாகவே இருக்கின்றன. எழுபதைத் தாண்டிய, எழுத்தறியாத, கணவனை இழந்த ஒரு மூதாட்டி, ஆட்சியர் அலுவலகத்துக்குப் பேருந்தேறிச் சென்று இவற்றைப் பெறுவது என்பதுதான் தெளிவாக இல்லை. அறுபதிலிருந்து எழுபது வரையிலான பத்தாண்டுகளில், வருமான வரம்பை மகனின் சம்பளத்தால் தாண்டிய பெற்றோருக்கு இரண்டு அட்டையும் இல்லை. பெற்றோரின் வருமானத்தைத் தனியாகக் கணக்கிட மாநில அரசு முன்வர வேண்டும். கிராம சபைக் கூட்டம் ஒன்றில் ஊரின் முதியோர் பட்டியலை வாசித்து, அட்டை இல்லாதவர் யார் என்று கண்டறியலாம். பதிவு மையம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஊருக்கு வர வேண்டும். மாத்திரை வீட்டு வாசலுக்கு வரும் மாநிலத்தில், அட்டையும் அந்த வாசலுக்கு வருவது இயலாத காரியம் அன்று.