குயவன் வீடும் கர்த்தருடைய ஆளுகையும்: தமிழ்க் கிறிஸ்தவர் தீர்க்கதரிசனம் வாசித்த வரலாறு

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவருக்கு எரேமியா புத்தகத்தின் 18, 19ஆம் அதிகாரங்களை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அச்சில் வார்த்த அகல்விளக்கு சூளைக்குப் போகுமுன் உடைந்தால் தண்ணீரில் கரைத்து மறுபடி களியாக்கலாம். வெந்தபின் உடைந்தால் அது வெறும் ஓடு. எரேமியா 18இல், கெட்டுப்போன பாத்திரத்தைக் குயவன் திரும்ப வனைகிறான். 19இல், தீர்க்கதரிசி சுட்ட கலயம் ஒன்றை இன்னோம் பள்ளத்தாக்கில் உடைத்து, இது இனிச் சேராது என்கிறார். தேவனுடைய ஆளுகையைத் தலைவிதி என்று எண்ணுவோர் 18ஆம் அதிகாரத்தைக் கவனிக்கத் தவறுகிறார்கள். ஒரு ஜனம் மனந்திரும்பினால், அறிவித்த தீங்கைத் தாம் விட்டுவிடுவதாக அங்கே கர்த்தரே சொல்கிறார். களி ஈரமாக இருக்கும்போதே எச்சரிக்கை வந்துவிடுகிறது.

நம்பிக்கைக்கு இதைவிட வலுவான சான்று 32ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவல்கூடத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நிலையில் ஆனதோத்து ஊரில் ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். கிரயப் பத்திரம் நெடுநாள் கெடாமலிருக்க அதை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். எதிரி கைக்குப் போகப்போகும் நிலத்துக்குப் பணம் கொடுப்பவர், அந்நிலம் திரும்பக் கிடைக்கும் என்ற வாக்கைத் தம் கைப்பணத்தால் உறுதிப்படுத்துகிறார். 1947இல் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருளைக் காத்ததும் மண்சாடிகள்தாம். அச்சுருள் கிறிஸ்துவுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே எழுதப்பட்டது என்பதால், ஏசாயாவின் வாக்குகளைக் கிறிஸ்தவர்கள் பின்னால் எழுதிச் சேர்த்தார்கள் என்று எவரும் சொல்ல முடியாமல் போனது.

பாபிலோனின் ஆதிக்கத்துக்கு எரேமியா குறித்த 70 ஆண்டுகளை ஆய்வாளர் பலவாறு கணக்கிடுகிறார்கள். ஆலயம் இடிந்த கி.மு. 586 தொடங்கி அது மறுபடி கட்டி முடிந்த கி.மு. 516 வரை எண்ணுவோர் உண்டு. பாபிலோனின் ஆதிக்கம் எழுந்ததிலிருந்து கி.மு. 539இல் பெர்சிய அரசன் கோரேசிடம் அது விழுந்ததுவரை எண்ணுவோரும் உண்டு. தானியேல் 9ஆம் அதிகாரம் இந்த எண்ணிக்கையைக் கையாளும் விதமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. எரேமியாவின் எழுத்தில் எண்ணைக் கண்ட தானியேல் நாள்காட்டியைத் தேடவில்லை; இரட்டுடுத்தி, உபவாசமிருந்து, தம் ஜனத்தின் பாவத்தை அறிக்கையிட்டார்.

தமிழுக்கு இந்த வாசிப்பு இரண்டு தவணையில் வந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்த நிலையில் 1719இல் அவர் இறந்தார். மீதியை அவருக்குப் பின்வந்த மிஷனரி சூல்ச் முடித்து, 1728இல்தான் வேதாகமம் முழுமையாக வெளிவந்தது. தீர்க்கதரிசி உரைத்தது நிறைவேறும்படி இது நடந்தது என்று மத்தேயு திரும்பத் திரும்பச் சொல்வதை வாசித்தவர்கள், அந்தத் தீர்க்கதரிசியின் புத்தகத்தை அச்சில் காணச் சுமார் 13 ஆண்டுகள் காத்திருந்தார்கள். நிறைவேற்றம் முதலிலும் வாக்குறுதி பின்னரும் வந்து சேர்ந்தன. தமிழ்ச் சபைகள் ஏசாயாவையும் எரேமியாவையும் கிறிஸ்துவின் வழியாகவே வாசிக்கப் பழகியதற்கு இந்த வரிசையும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

அதே காலத்தில், விருத்தாசலம் வட்டாரத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோயிலை எழுப்பிய வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியைப் படைத்தார். 3,615 பாடல்கள் கொண்ட அக்காப்பியத்தில், திருக்குடும்பம் எகிப்துக்குத் தப்பிச் செல்லும் வழியில் பழைய ஏற்பாட்டு வரலாறுகள் கிளைக்கதைகளாக விரிகின்றன. அந்தப் பயணத்தையே ஓசியாவின் வாக்கு நிறைவேறியதாக மத்தேயு காட்டுகிறார். ஓடிப்போகும் ஏழைக் குடும்பத்தின் பாதையும் தேவதிட்டத்துக்குள் அடங்கும் என்ற உறுதி, தமிழ் விருத்தத்தில் இப்படி ஊருக்குள் வந்தது.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800இல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி இன்னும் துணிந்தது. தலைவனுக்காக ஏங்கும் தலைவிக்குக் குறத்தி குறி சொல்லித் தேற்றுவது குறவஞ்சி மரபு. சாஸ்திரியார் தலைவியைச் சீயோன் குமாரத்தியாகவும், குறத்தியை விசுவாசத்தின் உருவகமாகவும் ஆக்கினார். தீர்க்கதரிசனத்தின் வேலை காத்திருப்பவரைத் தேற்றுவது என்பதை இவ்வளவு இயல்பாகச் சொன்ன வேறொரு தமிழ்ப் படைப்பை நான் அறியேன்.

தீர்க்கதரிசனத்தைத் தேதிக் கணக்காக வாசித்த மறுபக்கமும் நடந்தது. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து திருவிதாங்கூரில் ஆங்கிலிக்கன் போதகரான யுஸ்தூஸ் ஜோசப், கிறிஸ்து 1881இல் திரும்ப வருவார் என்று 1875இல் அறிவித்தார். பலர் அவரைப் பின்தொடர்ந்தனர். குறித்த நாள் வெறுமையாகக் கழிந்தது. அமெரிக்காவில் கிறிஸ்துவின் வருகைக்கு வில்லியம் மில்லர் போட்ட கணக்கு 1844இல் பொய்த்ததைப் போன்றதே இதுவும். ஜோசப் பாடிய மலையாளக் கீர்த்தனைகளைச் சபைகள் இன்றும் பாடுகின்றன. அவருடைய பக்தி பொய்யன்று. தேவன் தம் கையில் வைத்துக்கொண்ட காலத்தை மனிதக் கணக்குக்குள் கொண்டுவர முயன்றதே பிழை. அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரம் அதை முன்பே தடுத்திருக்கிறது.

போர்ச் செய்தி வரும்போதெல்லாம் புதிய தேதி ஒன்று கைப்பேசியில் சுற்றிவருகிறது. அதை அடுத்தவருக்கு அனுப்புமுன் எரேமியாவின் 18, 19, 32ஆம் அதிகாரங்களை ஒரே அமர்வில் வாசித்துப் பாருங்கள்.