உலோகத்தில் உறையும் நினைவு

மக்கள் தம் தலைவரைப் போற்றும் வழிகள் பல. சிலையைக் காண நாம் செல்ல வேண்டும். உருவம் பொறித்த சிறு பதக்கமோ நம் இல்லம் தேடி வரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் இவ்வழக்கம் செழித்தது. 1840 ஆம் ஆண்டுத் தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசனின் ஆதரவாளர்கள் மரக்குடில் பொறித்த பதக்கங்களைப் பரப்பினர். அவர் எளியோரின் தோழர் என்பது அதன் குறிப்பு. 1860 இல் லிங்கனின் முகம் தேர்தல் பதக்கமாயிற்று. அவர் கொலையுண்ட 1865 இல் அதே முகம் துக்கப் பதக்கமாயிற்று. பலவற்றின் மேல்விளிம்பில் ஒரு துளை உண்டு. நாடாவில் கோத்து மக்கள் மார்பில் அணிந்தமைக்கு அதுவே சான்று. அத்துளையைக் குறையென்று ஒதுக்குவோர் வரலாற்றையே ஒதுக்குகின்றனர்.

அங்கே கட்சியினரும் வணிகரும் செய்ததை, நம் நாட்டில் அரசே நாணய வடிவில் செய்தது. நேரு மறைந்த 1964 ஆம் ஆண்டிலேயே அவர் உருவம் தாங்கிய ஒரு ரூபாயும் 50 பைசாவும் வெளிவந்தன. அண்ணாவின் நூற்றாண்டையொட்டி 2009 இல் வந்த ஐந்து ரூபாயில் அவருடைய தமிழ்க் கையொப்பமே பொறிக்கப்பட்டது. தாயகம் விட்டு வாழும் நமக்கு அஃது எத்துணைப் பெருமை!

நாம் குடியேறிய இம்மண்ணுக்கும் இத்தகைய நினைவு உண்டு. கல்லாறு அடங்கிய பழைய திருவிதாங்கூருக்குத் தனி நாணய முறை இருந்தது. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்து வெண்கலச் சக்கரத்தில் ஒருபுறம் அவர் உருவமும் மறுபுறம் சங்கும் விளங்கும். 1949 இல் திருவிதாங்கூர் கொச்சியோடு இணைந்தது, தனி அரசு மறைந்தது, காசு நின்றது.

அக்காசு இன்று பழம்பெட்டியில் கிடப்பின், பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போட்டுவிடலாகாது. எடைக்குக் கிடைப்பது உலோகத்தின் விலையே. எவர் உழைப்பிற்குக் கூலியாக வந்தது, எந்தத் திருமணத்தில் மொய்யாக வந்தது என்று பாட்டிமார் சொல்லும் சொல் எந்தத் தராசிலும் ஏறாது. அச்சொல் மறைந்தால் காசு ஊமையாகிவிடும்.

ஆகவே, பழங்காசைப் புளியிட்டு விளக்க வேண்டா. தேய்வும் கறையும் அதன் வயதுக்குச் சான்று. விளிம்பைப் பற்றி எடுத்து, தனித்தனி உறையிலிட்டு, வந்த வழியை அதன்மேல் எழுதி வைத்தல் வேண்டும். விலையுயர்ந்த சேகரிப்பு எல்லோர்க்கும் இயலாது; இஃது எல்லோர்க்கும் இயலும். சொல்லத்தக்க முதியோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வோமாக.