இருபத்தெட்டரைச் சக்கரம்: கம்பம் பள்ளத்தாக்கின் எல்லையில் இரு நாணயங்கள்

பெரியாறு அணைக்காகத் திருவிதாங்கூர் அரசும் பிரிட்டிஷ் அரசும் 1886 அக்டோபர் 29 அன்று எழுதிக்கொண்ட குத்தகைப் பத்திரத்தின் எண்கள் தேனி மாவட்டத்தில் பலருக்கும் மனப்பாடம்: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆண்டுக்கு 40,000 ரூபாய், 999 ஆண்டுகள். ஆனால் அந்த ரூபாய் எந்த ரூபாய் என்ற கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. பத்திரம் பிரிட்டிஷ் இந்திய ரூபாய் என்றே குறிப்பிடுகிறது. அப்படிக் குறிப்பிடக் காரணம் இருந்தது. குமுளி மேட்டுக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூர் மண்ணில், ரூபாய் என்றால் வேறு ஒன்றும் இருந்தது.

திருவிதாங்கூரின் கணக்கு காசில் தொடங்கியது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆக, சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ அந்த அரசு கொடுத்த மதிப்பு 28½ சக்கரம். வெள்ளிச் சக்கரம் விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறியது. குழிகள் வரிசையாக வெட்டிய பலகையில் நாணயங்களைக் கொட்டிக் குலுக்கி, குழிகள் நிறைந்ததும் எண்ணிக்கை முடிந்ததாகக் கொள்வார்கள்.

இரண்டு ரூபாய்களுக்கும் இடையே இருந்த அரைச் சக்கரம் அற்பமாகத் தோன்றலாம். அரசுகளுக்கிடையிலான கணக்கில் அது அற்பமல்ல. 1805 உடன்படிக்கைக்குப் பின் திருவிதாங்கூர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கட்டிவந்த கப்பம் பிரிட்டிஷ் நாணயத்தில் 7,96,430 ரூபாய். அதே தொகை சர்க்கார் ரூபாய்க் கணக்கில் 8,10,652 என்று நிற்கும். முதல் எண்ணை 28½ ஆல் பெருக்கி 28 ஆல் வகுத்துப் பார்த்தால் இரண்டாவது எண் அப்படியே வருகிறது. இந்த ஏற்பாட்டை அறியாமல் படிப்பவர் கப்பம் பதினான்காயிரம் ரூபாய் கூட்டப்பட்டதாக எண்ணிவிடக்கூடும். கூட்டப்படவில்லை, எண்ணிய நாணயம்தான் வேறு. பெரியாற்றுக் குத்தகைப் பணமும் இந்தக் கப்பத்தில் கழித்துக்கொள்ளப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. 40,000 பிரிட்டிஷ் ரூபாய் என்பது சர்க்கார் கணக்கில் 40,714 ரூபாய் 8 சக்கரம். எந்த ரூபாய் என்று பத்திரத்தில் எழுதாமல் விட்டிருந்தால் ஆண்டுக்கு எழுநூறு ரூபாய்க்கு மேல் தகராறு மிஞ்சியிருக்கும்.

பெரிய தொகையில் இப்படி நேராக முடிகிற கணக்கு சில்லறைக்கு வரும்போது இடறுகிறது. கால் ரூபாய்க்கு 7 சக்கரம் 2 காசு. இரண்டணாவுக்கு 3 சக்கரம் 9 காசு. ஓரணாவுக்கு 1 சக்கரம் 12½ காசு. காசுக்குக் கீழே நாணயமே கிடையாது. அந்த அரைக் காசை யார் விட்டுக்கொடுப்பது? எல்லையோரப் பணமாற்று வரலாற்றில் என் மனம் நிற்கும் இடம் இதுதான். அரசுகள் லட்சத்தில் மாற்றும்போது பின்னம் கரைந்துவிடும். அணாவில் கூலி வாங்கி, மலைமேல் சக்கரத்தில் அரிசி வாங்குகிறவருக்கு அது ஒவ்வொரு முறையும் வரும். போடி, தேவாரம், கம்பம், கூடலூர் மக்கள் மெட்டுப் பாதைகளில் ஏறித் திருவிதாங்கூர் ஏலமலைகளுக்கு வேலைக்குப் போய்வந்தார்கள். தோட்டம் வைத்திருந்தவர்களும் பலர். ஏலத்தில் அரசுக்கு இருந்த தனியுரிமை 1896இல் நீங்கும்வரை, காயை அரசிடமே ஒப்படைக்க வேண்டும். தங்களுக்குரிய பங்கை அங்கிருந்தே பெறவேண்டும். காய் விளைந்த மலையின் கணக்கு ஒன்று, வீட்டுச் செலவின் கணக்கு வேறொன்று.

கீழே பிரிட்டிஷ் பக்கத்திலும் ஒரே ரூபாய் பழங்காலம் தொட்டு இருந்ததில்லை. சென்னை மாகாணத்தில் 1818 வரை வராகனே கணக்கு நாணயம்; ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய். 1835இல்தான் 180 கிரெயின் எடையுள்ள கம்பெனி ரூபாய் எல்லா மாகாணங்களுக்கும் பொதுவானது. அதுவரை ஊருக்கு ஊர் நாணயம் மாற, பணமாற்றுக்காரர்களான சராபுகள் தேய்மானம் பார்த்து வட்டம் (தள்ளுபடி) பிடித்தார்கள். 1835க்குப் பின் மதுரைச் சீமைக்குள் அந்த வேலை சுருங்கிற்று. மலையெல்லையில் அது தொடர்ந்தது.

அணை கட்டப்பட்ட ஆண்டுகளில் அந்த ரூபாயே உலகச் சந்தையில் சரிந்துகொண்டிருந்தது. இங்கிலாந்திலிருந்து வரும் எந்திரத்தின் விலை பவுனில். வெள்ளி மலிந்ததால், 1873க்கு முன் ஏறத்தாழ 2 ஷில்லிங் பெற்ற ரூபாய் 1893க்குள் 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு இறங்கியிருந்தது. 1893 ஜூனில் இந்திய நாணயச்சாலைகள் பொதுமக்களின் வெள்ளியை வாங்கி ரூபாயாக அடித்துக் கொடுப்பதை நிறுத்தின. அந்தப் பத்தாண்டின் முடிவில் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸில், அதாவது ஒரு பவுனுக்கு 15 ரூபாயில் நிலைத்தது. இதன் பிறகு ரூபாயின் மதிப்பை அதிலுள்ள வெள்ளி தீர்மானிக்கவில்லை. சக்கரத்துக்கும் அப்படித்தான். பின்னாளில் அது செம்பில் அடிக்கப்பட்டபோதும் 28½ மாறவில்லை. அரசுக் கருவூலம் அந்த விகிதத்தில் வாங்கிக்கொள்ளும் என்ற உறுதியே அதைத் தாங்கிற்று. நாணய மாற்று விகிதத்தை உலோக எடையில் மட்டும் தேடுவோர் கவனிக்க வேண்டிய சான்று இது.

1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது சக்கரத்தின் காலம் முடிந்தது. இருப்பிலிருந்த அஞ்சல்தலைகளில் புதிய மதிப்பு அச்சிடப்பட்டது: 1 சக்கரத் தலையில் அரையணா, 2 சக்கரத்தில் ஓரணா, 4 சக்கரத்தில் இரண்டணா. பழைய விகிதப்படி ஒரு சக்கரம் ஆறே முக்கால் பைக்கு (பன்னிரண்டு பை ஓரணா) சற்றே குறைவு. அரையணாவோ ஆறு பை. தபால் கட்டணத்துக்கு முழு எண் வேண்டியிருந்ததால் அந்த முக்கால் போயிற்று. 1957 ஏப்ரல் 1இல் பதின்ம நாணயம் வந்து அணாவையும் நீக்கியது. பெரியாற்றுக் குத்தகை 1970 மே 29 ஒப்பந்தத்தில் ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனபோது எந்த ரூபாய் என்று எழுதவேண்டிய தேவை இருக்கவில்லை.

ஏலக்காய் வணிகத்தில் மட்டும் மாற்றுக் கணக்கு ஓயவில்லை. போடியிலும் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் ரூபாயில் நடக்கிறது. வளைகுடாச் சந்தையில் எதிரே நிற்பது குவாத்தமாலாக் காய். அதன் விலை டாலரில். சவூதி ரியாலும் 1986 முதல் டாலருக்கு 3.75 என்று கட்டப்பட்டிருக்கிறது. ரூபாய் சரிந்தால் வெளிநாட்டு வியாபாரிக்கு நம் காய் மலிவாகத் தெரியும்; ஏறினால் அவர் குவாத்தமாலா பக்கம் திரும்புவார். அதனால் ஏற்றுமதிக்கு வாங்குகிறவர் காயின் பருமனையும் பச்சையையும் பார்ப்பதோடு அன்றைய டாலர் விலையையும் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்கிறார்.