ஏட்ரியம்: வீட்டிலிருந்து இதயத்துக்குக் குடிபெயர்ந்த சொல்

பழைய ரோமானிய வீட்டின் தெருக்கதவைத் தாண்டினால் முதலில் வருவது ஒரு குறுகலான இடைகழி. அதற்கு ‘ஃபௌகேஸ்’ என்று பெயர். இலத்தீனில் தொண்டை என்று பொருள். தொண்டையைக் கடந்ததும் வெளிச்சம் கொட்டும் பெரிய கூடம். கூடத்தின் பின்கோடியில் இருபுறமும் சுவரில்லாமல் திறந்து கிடக்கும் ஒதுக்குகளுக்கு ‘ஆலே’, அதாவது சிறகுகள், என்று பெயர். ரோமானியர்கள் வீட்டின் பகுதிகளுக்கு உடலின் பெயர்களை வைத்தார்கள். பிற்காலத்து உடற்கூறியலார் உடலின் பகுதிகளுக்கு வீட்டின் பெயர்களை வைத்தார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலில் அந்தக் கூடத்தின் பெயரே நெடுந்தூரம் வந்திருக்கிறது. இலத்தீனில் அது ‘ஆட்ரியம்’. ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்தபோது ‘ஏட்ரியம்’.

சொல்லின் வேர் எது என்பதில் ரோமானியர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருந்தது. பொ.ஆ.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் வர்ரோ, கூடத்தை நடுவில் வைத்து வீடு கட்டும் முறை எட்ருஸ்கானியரிடமிருந்து வந்தது என்றும், அவர்களுடைய ‘ஆட்ரியா’ என்ற ஊரின் பெயரே கூடத்துக்கு ஆகிவந்தது என்றும் எழுதினார். போ ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள அந்த ஊர்தான் ஏட்ரியாட்டிக் கடலுக்கும் பெயர் தந்தது. பொ.ஆ. 400ஐ ஒட்டி வாழ்ந்த உரையாசிரியர் செர்வியஸ் இன்னொரு விளக்கத்தையும் பதிவு செய்தார். இலத்தீனில் ‘ஆட்டெர்’ என்றால் கருமை. முற்காலத்தில் அடுப்பு கூடத்திலேயே எரிந்தது. புகை படிந்து உத்தரமும் சுவரும் கறுத்தன. கறுத்த இடம் என்பதால் அந்தப் பெயர் என்கிறது இந்த விளக்கம். இன்றைய மொழியியலாரில் சிலர் ‘நெருப்பு’ என்று பொருள்படும் தொன்மையான இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றையும் காட்டுகிறார்கள். எதுவும் முடிவாக நிறுவப்படவில்லை. ஆனாலும் புகைக் கட்சி நமக்கு ஒரு வரலாற்றைக் காட்டுகிறது: ஏட்ரியம் முதலில் அடுப்பெரியும் வீட்டின் மையமாக இருந்தது.

அடுப்பு பின்கட்டுக்குப் போன பிறகும், புகை வெளியேறிய கூரைத் திறப்பு அப்படியே இருந்தது. அதன் வழியே வெளிச்சமும் காற்றும் மழையும் இறங்கின. நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்திருக்கும். மழைத்தண்ணீர் ‘கம்ப்ளூவியம்’ என்ற அந்தத் திறப்பின் வழியே விழுந்து, நேர்கீழே தரையில் பதித்த ஆழமில்லாத ‘இம்ப்ளூவியம்’ தொட்டியில் சேரும். அங்கிருந்து நிலத்தடித் தொட்டிக்குப் போகும். வேண்டியபோது கிணற்றுவாய் போன்ற ஒரு துளை வழியே வாளி விட்டு மொண்டுகொள்வார்கள். கட்டடக்கலை நூல் எழுதிய விட்ருவியஸ் இத்தகைய கூடங்களை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்: தூண் இல்லாமல் உத்தரங்களே கூரையைத் தாங்குவது, திறப்பின் நான்கு மூலையிலும் தூண் நிற்பது, சுற்றிலும் பல தூண்கள் நிற்பது, கூரை வெளிநோக்கிச் சரிவது, திறப்பே இல்லாமல் முழுதும் மூடியது.

பொ.ஆ. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலுக்குள் புதைந்த பாம்பெயி நகரத்தில் இந்தக் கூடங்களை இன்றும் நேரில் பார்க்கலாம். ‘ஃபானின் வீடு’ என்று அழைக்கப்படும் மாளிகை அங்கே ஏறத்தாழ 3,000 சதுர மீட்டரில் பரந்து கிடக்கிறது. அதில் இரண்டு ஏட்ரியங்கள்: ஒன்று தூண் இல்லாத வகை, மற்றது நான்கு தூண் வகை. பெரிய ஏட்ரியத்தின் தொட்டித் தரை முழுதும் சாய்சதுரமாக நறுக்கிய பல நிறக் கற்கள். அங்கே கைகளை உயர்த்தி, முன்பாதத்தில் எம்பி ஆடும் வெண்கல வனதேவன், அதாவது ஃபான். முழங்கால் உயரத்தைத் தாண்டும் அந்தச் சிலையால்தான் வீட்டுக்கே அந்தப் பெயர். இப்போது அங்கிருப்பது நகல். அசல் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஏட்ரியத்தை வீட்டின் அழகுக்கான இடம் என்று மட்டும் கொண்டால் அதன் பொருள் பாதிதான் பிடிபடும். காலையில் செல்வரின் ஆதரவை நம்பிய எளியவர்கள் வணக்கம் சொல்ல வருவார்கள். அவர்கள் வந்து நிற்பது இங்கேதான். உயர்குடிகளின் வீடுகளில் முன்னோரின் மெழுகு முகங்கள் பேழைக்குள் வைக்கப்பட்டிருந்ததும் இங்கேதான். முறை வந்தவர் எதிரே உள்ள ‘தப்லீனம்’ என்ற அறையில் வீட்டுத் தலைவரைக் காண்பார். நெருக்கமானவர் இன்னும் உள்ளே போவார். வருகிறவரை ஏற்று, சற்று நிறுத்தி, உரிய இடத்துக்கு அனுப்புவதே இந்தக் கூடத்தின் வேலை. நகரத்து ஏழைகளில் பெரும்பாலோர் அடுக்குமாடி வாடகை அறைகளில் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு ஏட்ரியம் என்பது பிறர் வீட்டில் காத்து நிற்கும் இடமாகவே இருந்தது.

பிறகு கிறித்தவ ஆலயங்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன. ரோமின் பழைய புனித பேதுரு பேராலயத்திலும் மிலானின் புனித அம்புரோசு ஆலயத்திலும் வாயிலுக்கு முன்னால் தூண்வரிசை சூழ்ந்த திறந்த வெளி அமைந்தது, அதுவும் ஏட்ரியம். வீட்டின் நடுவிலிருந்த சொல் இங்கே வாசலுக்கு நகர்ந்துவிட்டது. இடம் மாறியும் வேலை மாறவில்லை: உள்ளே செல்லுமுன் மக்களை ஏற்று நிறுத்தும் இடம்.

இந்த ‘முன்வெளி’ப் பொருளே இதயத்துக்கும் பொருந்தியது. இதயத்தின் மேல் அறைகளுக்கு அதற்கு முன் வழங்கிய பெயர் ‘ஆரிக்கிள்’, அதாவது சிறு காது. வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது இயல்பான பெயர். மேல் அறை ஒவ்வொன்றிலிருந்தும் விளிம்பு மடிந்த ஒரு சிறு பை முன்பக்கம் நீண்டு, காதுமடல் போலவே தெரியும். 1628இல் வில்லியம் ஹார்வி, மேல் அறைகள் முதலில் சுருங்கி இரத்தத்தைக் கீழ் அறைகளுக்குத் தள்ளுகின்றன என்று விளக்கினார். அப்போதும் பெயர் மாறவில்லை. 1895இல் பாசெல் நகரில் உடற்கூறியலார் வகுத்த பொதுச் சொற்பட்டியல்தான் இரண்டையும் பிரித்தது: அறைக்கு ஏட்ரியம், அதிலிருந்து நீளும் மடலுக்கு ஆரிக்கிள். ஜெர்மானியரும் அறையை ‘முன்முற்றம்’ என்றும் மடலை ‘இதயக் காது’ என்றும் அழைக்கிறார்கள்.

தோற்றத்தால் வந்த பெயரைவிடச் செயலால் வந்த பெயர் இங்கே பொருத்தமானது. உடல் முழுதும் சுற்றிய இரத்தத்தை இரு பெருஞ்சிரைகள் வலது ஏட்ரியத்தில் சேர்க்கின்றன. நுரையீரலில் ஆக்சிஜன் ஏறிய இரத்தம் பொதுவாக நான்கு சிரைகள் வழியே இடது ஏட்ரியத்துக்கு வருகிறது. ஓய்வில் இருக்கும்போது இரத்தத்தின் பெரும்பகுதி தானாகவே கீழே இறங்கிவிடும். மிச்சமுள்ள 20 முதல் 30 விழுக்காட்டை மட்டும் ஏட்ரியம் சுருங்கி அனுப்புகிறது. அதனால்தான் அதன் சுவர் மெல்லியது. உடல் முழுமைக்கும் இரத்தத்தை உந்தும் இடது கீழ் அறையின் சுவர் அதைவிடப் பல மடங்கு தடிமன். துடிப்பின் கட்டளை பிறப்பதும் ஏட்ரியத்தில்தான். கீத், ஃபிளாக் என்ற ஆய்வாளர்கள் 1907இல் விவரித்த சைனோ ஏட்ரியல் கணு வலது ஏட்ரியத்தின் சுவரில் இருக்கிறது. அங்கே பிறக்கும் மின்தூண்டல் கீழ் அறைக்குப் போகும் வழியில் சுமார் 0.1 நொடி தாமதிக்கிறது. மேல் அறை காலியாகக் கிடைக்கும் அவகாசம் அதுவே.

ரோமானிய ஏட்ரியம் வீட்டின் தண்ணீரைப் பார்த்துக்கொண்டது என்றோம். இதயத்தின் ஏட்ரியமும் உடலின் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிறது. கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் குழுவினர் எலியின் ஏட்ரியத் தசைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினார்கள். அவை உப்பையும் நீரையும் ஏராளமாகச் சிறுநீரில் வெளியேற்றின. 1981இல் வெளியான அந்த ஆய்விலிருந்து பிறந்தது ஒரு புதிய அறிவு: இரத்த அளவு கூடி ஏட்ரியச் சுவர் இழுபடும்போது அது ஒரு ஹார்மோனைச் சுரந்து, மிகுந்த நீரை வெளியேற்றச் சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. பெயர் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கட்டடக்கலையில் சொல்லுக்கு மறுவாழ்வு கொடுத்தவர் அமெரிக்கரான ஜான் போர்ட்மன். 1967இல் அட்லாண்டாவில் அவர் கட்டிய ஹயாட் ரீஜென்சி ஓட்டலின் நடுவே 22 மாடி உயரத்துக்கு வெற்றிடம் விட்டார். அறைகளின் நடைகள் எல்லாம் அதை நோக்கியே திறந்தன. அன்று முதல் ஓட்டல், மால், மருத்துவமனை, அலுவலகம் எங்கும் கண்ணாடிக் கூரை போட்ட ஏட்ரியம் பரவிவிட்டது. மழை வெளியே நின்றுவிட்டது. புகை மட்டும் விடவில்லை. கீழ்த்தளத்தில் தீப்பிடித்தால் இந்த வெற்றிடத்தின் வழியே புகை எல்லா மாடிக்கும் ஏறிவிடும். ஆகவே புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாட்டை வடிவமைப்பின்போதே சேர்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது நம் பாடநூல்களுக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பள்ளி நூல்களில் ‘ஆரிக்கிள்’, ‘ஏட்ரியம்’ இரண்டும் ஒரே அறைக்கு வழங்குகின்றன. இலங்கைத் தமிழ் நூல்களில் அது ‘சோணையறை’. சோணை என்றால் காதுமடல். பழைய காது இங்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது வெறும் சொல் தகராறு இல்லை. ஏட்ரியம் ஒழுங்கின்றித் துடிக்கும் நோயில் இரத்தம் பெரும்பாலும் இடப்பக்க மடலில்தான் உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆகவே சிலருக்கு அந்த மடலை மட்டும் ஒரு சிறு கருவியால் அடைத்துவிடுகிறார்கள். ‘இடது ஆரிக்கிளை அடைத்துவிட்டோம்’ என்று கேட்கும் நோயாளி, பள்ளியில் படித்த நினைவில் இதயத்தின் ஒரு முழு அறையே மூடப்பட்டதாக அஞ்ச மாட்டாரா?

அறைக்கு ஏட்ரியம் அல்லது மேலறை, மடலுக்கு ஆரிக்கிள் அல்லது சோணை என்று பாடநூல் எழுதுவோரும் மருத்துவத் தமிழ் வளர்ப்போரும் பிரித்து வழங்க வேண்டும். 1895இல் தீர்ந்த குழப்பத்தை நம் பிள்ளைகள் இன்னும் சுமக்கத் தேவையில்லை.