வண்ணக்கர் கல்வி

ஜெஞ்சாரோமை அடுத்த தோட்டமொன்றில் கணக்கெழுதிப் பிழைப்பவன் நான். எங்கள் தோட்டத்து இளைஞனொருவன் தன் தாயின் வளையல்களை அடகு வைத்துவிட்டு ஒருநாள் என் மேசையருகே வந்து நின்றான். “கிராணி ஐயா, கடைக்காரர் கல்லில் ஒரு கோடு இழுத்தார். மாற்றுக் குறைவு என்றார். நாங்கள் வாயடைத்துத் திரும்பினோம். அந்தக் கோட்டைப் படிக்க எந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றுக் கொடுக்கிறார்கள்?” என்று கேட்டான். எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. விடை தேடி நான் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

இத்தொழில் தமிழர்க்குப் புதிதன்று. பொன்னையும் காசையும் நோட்டம் பார்ப்பவரை முன்னோர் வண்ணக்கர் என்றழைத்தனர். சங்கப் புலவர் வரிசையிலேயே புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழானும் விற்றூற்று வண்ணக்கன் தத்தனாரும் இடம் பெற்றிருக்கின்றனர். முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த பொன், ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது. ‘தண்டவாணி’ என்னும் தரத்துக்கு எவ்வளவு தாழ்ந்தது என்பதும் கல்வெட்டுகளிற் குறிக்கப்பட்டது.

எடையையும் மாற்றையும் யாவரும் காணக் கல்லில் பொறித்த நாடு நம்முடையது. ஆனால் மாற்றை அறியும் வித்தையோ பட்டறைக்குள்ளேயே தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் சென்றது. நகையை உரைகல்லில் உரைத்து, அருகே மாற்றறிந்த ஆணியையும் உரைத்து, இரு கோடுகளின் நிறத்தை ஒப்பிட வேண்டும். அந்தக் கண் பல்லாண்டுப் பழக்கத்தால் வருவது. அக்குடியிற் பிறவாதவனுக்கு அப்பழக்கம் எளிதிற் கிட்டவில்லை.

பிறப்பால் பொற்கொல்லரல்லாத ஒருவர் இதனைக் கற்ற வரலாறு நமக்கு வழி காட்டும். ஜேம்ஸ் பிரின்செப் 1799இல் இங்கிலாந்தில் பிறந்தார். கட்டடக் கலை பயிலப் புகுந்து, கண்நோயால் அதனைக் கைவிட்டார். இந்திய நாணயச்சாலையில் பொன் சோதிக்கும் வேலைக்கு இடமிருப்பதைத் தந்தை அறிந்தார். அதற்கென மைந்தர் இலண்டன் கைஸ் மருத்துவமனையிற் பயின்றார். பின்னர் அரச நாணயச்சாலையில் ராபர்ட் பிங்லியிடம் தொழில் பழகினார். 1819இல் கல்கத்தா வந்தார். மறு ஆண்டே காசி நாணயச்சாலையின் சோதனைத் தலைவரானார். ஏட்டுப் படிப்பு ஒன்று, கைப்பழக்கம் ஒன்று. இவ்விரண்டே அவரை ஆளாக்கின.

அவர் கற்றது யாது? பொற்துணுக்கை நிறுத்து, அதைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு வெள்ளியும், வேண்டிய ஈயமும் கூட்டி, எலும்புச் சாம்பற் கிண்ணத்தில் உலையிலிடுவர். ஈயமானது செம்பு முதலிய கலப்பை இழுத்துக்கொண்டு கிண்ணத்துள் ஊறிவிடும். எஞ்சிய மணியைத் தகடாக்கி நைட்ரிக் அமிலத்திலிட்டால் வெள்ளி கரையும், பொன் நிற்கும். மறுபடி நிறுத்தால் மாற்று எண்ணாகக் கிடைக்கும். இங்கே தீர்ப்புக் கூறுவது தராசு. ஒருவர் கண்டதை மற்றொருவர் சரிபார்க்கலாம். பள்ளியிற் கற்பிக்கவும், பரீட்சை வைக்கவும் ஏற்றதாக இவ்வித்தை ஆனது இதனாலன்றோ!

அதே பொறுமையோடு எழுத்துகளை வகைப்படுத்தி எண்ணிய பிரின்செப், 1837இல் பிராமி எழுத்தைப் படித்தறிந்தார். அதன் பயனாகவே அசோகன் கல்வெட்டிற் சோழரும் பாண்டியரும் குறிக்கப்பட்டிருப்பது உலகுக்குத் தெரிந்தது.

இந்தியாவில் 2000இல் பொன் நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை தொடங்கிற்று. 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டுக் கூட்டுறவு மேலாண்மை நிலையங்களில் நகை மதிப்பீட்டுப் பயிற்சி நடைபெறுகிறது. அது உரைகல் வழி. உலைவழிச் சோதகராக விரும்புவோர் வேதியியலை முதலிற் கற்று, பின் சோதனைச்சாலையிற் கைபழக வேண்டும்.

இதையே அவ்விளைஞனுக்குச் சொன்னேன். நகையில் 916 என்ற எண் இருந்தால், ஆயிரம் பங்கில் 916 பங்கு பொன், அதாவது 22 காரட், என்று பொருள் எனவும் காட்டினேன். “என் தங்கைதான் வேதியியலில் கெட்டிக்காரி” என்றான். “அவளையே படிக்க வை” என்றேன்.

தோழர்களே, வியர்வை சிந்திச் சேர்த்த பொன்னுக்குப் பிறர் சொல்லும் விலையை நாம் தலைகுனிந்து கேட்டது போதும். அதன் மாற்றை நம் பிள்ளைகளே கற்றறிந்து சொல்லட்டும்.