இருமுறை பெயர்ந்த மக்கள்

மக்கட் கூட்டமொன்று பிறந்தகத்தை விட்டுப் பிறிதொரு நாட்டிற் சென்று தங்குதல் வரலாற்றிற் புதியதன்று. வணிகம் கருதியும், போருக்கு அஞ்சியும், பஞ்சத்தால் உந்தப்பட்டும் மக்கள் இடம்பெயர்ந்த செய்திகள் எல்லா நாட்டு வரலாறுகளிலும் காணப்படுகின்றன. ஆயின், வயிற்றுப்பாட்டுக்காக ஒருமுறை கடல் கடந்து, சென்ற இடத்தில் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்து, பின்னர் இரு அரசுகள் தமக்குள் எழுதிக்கொண்ட உடன்படிக்கையின்படி அதே கடலை மீண்டும் கடந்தோர் சிலரே. இலங்கையின் மலைநாட்டுத் தமிழர் அத்தகையோர். புதிய சூழலுக்கேற்பச் சிறுபான்மையினம் ஒன்று தன்னை எவ்வாறு அமைத்துக்கொள்கிறது, அவ்வமைவுக்கு எல்லை யாது என்னும் வினாக்களுக்கு இவர்தம் வரலாறு தக்க விடை தருவதாகும்.

கோப்பியும் தேயிலையும்

1820களில் கண்டிச் சீமையிற் கோப்பிச் செய்கை தொடங்கியபோது, கூலிக்கு ஆள் வேண்டியிருந்தது. மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய மாவட்டங்களிற் பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் ஏழை மக்களை ஊரைவிட்டுத் துரத்தின. கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் கட்டினர். மன்னார்க் கரையில் இறங்கிய மக்கள் காட்டுவழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே கொண்டு சென்ற உயிர்கள் பல.

கோப்பி பருவப் பயிராகும். பழம் பறிக்குங் காலத்தில் வந்தவர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். வந்தவருட் பெரும்பாலோர் ஆடவர். 1869ஆம் ஆண்டிற் கண்ணுற்ற இலைநோய் கோப்பித் தோட்டங்களைச் சில ஆண்டுகளில் அழித்தது. அதற்கு ஈராண்டு முன்னரே ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டிய பயிர்; பெண்களின் கைகளை வேண்டி நிற்பது. ஆகவே மக்கள் குடும்பமாக வந்தனர், குடும்பமாகத் தங்கினர். வந்துபோகுங் கூட்டத்தைக் குடியிருக்குஞ் சமுதாயமாக மாற்றியது பயிரின் இயல்பே எனலாம். இவர்களை வழிப்போக்கர் எனப் பின்னாளிற் பேசியோர் இவ்வுண்மையை மறந்தனர்.

தோட்டத்துள் அமைந்த வாழ்வு

லயன் காம்பிராக்களில் வாழ்ந்த இம்மக்கள்மீது துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் படிப்படியாக அதிகாரஞ் செலுத்தினர். கங்காணியின் கடனைத் தீர்த்தாலன்றி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக வழியில்லாதிருந்தது. கடன் தொகையைக் குறித்த 'துண்டு' முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது.

இந்நிலையிலும் அவர்கள் தமக்கென ஓர் உலகை ஆக்கிக்கொண்டனர். ஊரிலிருந்து பிடிமண்ணாக வந்த மாரியம்மன் தோட்டந்தோறும் கோயில் கொண்டாள். மாசியிற் காமன் கூத்தும், அதனோடு பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு முதலிய கூத்துக்களும் தப்பொலியுடன் நிகழ்ந்தன. பழையதைப் பேணியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கும் 'ரோதைமுனி', தேயிலைச் செடியை வெட்டும் வேலைக்குத் துணைநிற்கும் 'கவ்வாத்துச் சாமி' என்னும் புதிய தெய்வங்களும் தோன்றின. ஊரில் எவரும் அறியாத தெய்வங்கள் இவை. பழைய நம்பிக்கையைப் புதிய தொழிலோடு இணைத்த இச்செயலிலேயே, இம்மண் தமதென்னும் உணர்வு வேரூன்றியமை புலனாகும்.

1931இற் கிடைத்த சர்வசன வாக்குரிமையும் கோ. நடேசையரின் தொழிற்சங்க முயற்சிகளும் அவர்களுக்கு அரசியற் குரலை அளித்தன. 1939இல் இந்திய அரசு கூலியாட்கள் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. அவ்வாண்டிலேயே இலங்கை இந்தியக் காங்கிரசும் தோன்றியது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி 7 இடங்களை வென்றது.

நாடற்ற நிலை

அவ்வெற்றியின் சூடு ஆறுமுன் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ பாட்டனோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது அச்சட்டம். பிறப்புப் பதிவே அரிதாயிருந்த தோட்டங்களில் அச்சான்றுக்கு எங்கே போவது? 1949ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன; பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. வாக்குரிமையும் அகன்றது. வடபுலத் தமிழ்த் தலைவர்களும் இவ்விடயத்தில் ஒருமுகமாக நின்றாரல்லர். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியமைக்கு இக்கருத்து வேற்றுமை ஒரு முக்கிய காரணமாயிற்று.

1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 975,000 பேரைப் பங்கிட்டது. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் இணங்கினர். 1974இல் அவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அம்மக்களின் சார்பில் மேசையருகே எவரும் அமர்ந்திருக்கவில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியனாகவும் தம்பி இலங்கையனாகவும் ஆயினர். உறவினரை ஏற்றிக்கொண்டு தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட புகைவண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்னும் பெயர் வழங்கியதே அந்நாளின் துயரைக் கூறப் போதுமானது.

மறுகரையில்

இராமேசுவரத்தில் இறங்கியோர் மண்டபம் முகாமூடாகப் பல இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். முன்னோர் ஊரைத் தேடிச் சென்ற பலருக்கு அங்கே நிலமுமில்லை, அவர்களை அறிந்தாருமில்லை. குளிர்மலையிற் பிறந்தோருக்கு வறண்ட சமவெளியின் வெயிலும் உழவுத்தொழிலும் ஒத்துவரவில்லை. கையிற் கிடைத்த கடனுதவியைச் சிறு கடையில் முடக்கி, சில திங்களில் இழந்தோர் பலர். கொடைக்கானல் மலையில் மரம்வெட்டும் ஒப்பந்தக்காரரிடங் கொத்தடிமைகளாகச் சிக்கியோரை 1980களில் மீட்க நேர்ந்தது.

நிலைபெற்றோர் பெரும்பாலும் தாமறிந்த தொழிலைப் பற்றி நின்றவர்களே. தமிழ்நாட்டு அரசு இவர்களுக்காகவே 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் லயன் வரிசைகளும் மாரியம்மன் கோயில்களும் மறுபடி எழுந்தன. கேரளத்திலும் கன்னடத்திலும் இறப்பர்த் தோட்டங்கள் சிலருக்கு வாழ்வளித்தன. தனியே அனுப்பப்பட்டோர் சிதைந்தனர். கூட்டமாகவும் பழகிய தொழிலோடும் குடியேறியோர் தழைத்தனர். குடியேற்றத் திட்டம் வகுப்போர் மறக்கலாகாத பாடம் இதுவாகும்.

இங்கே மனத்தைத் தைக்கும் ஒரு முரண்பாடு உண்டு. இலங்கையில் 'இந்தியத் தமிழர்' என அழைக்கப்பட்டோர் இந்தியாவில் 'சிலோன்காரர்' எனப்பட்டனர். மொழியும் சமயமும் ஒன்றாயிருந்தும் அயலவர் என்னும் பெயர் நீங்கவில்லை. அமைந்துகொள்ளும் ஆற்றல் வந்தவரிடம் எவ்வளவு இருந்தாலும், ஏற்றுக்கொள்ளும் மனம் இருந்தவரிடம் இல்லையேல் குடியேற்றம் முழுமை பெறாது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டியதில்லை.

எஞ்சியோர்

மலைநாட்டில் எஞ்சியோருக்கும் அமைதி கிட்டவில்லை. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் ஆயிரக்கணக்கானோர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிற் குடியேறினர். காடு வெட்டிக் கழனியாக்கிய அவர்களே பின்னைப் போரின் கொடுமைக்கு முன்னணியில் நின்று பலியாயினர். அவர்களை வயற்கூலிக்கும் வீட்டு வேலைக்கும் வரவேற்ற வடபுலம், சமபந்தியில் வரவேற்றதோ என்பது நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டியதொன்று. 'தோட்டக்காட்டான்' என்னும் சொல் தமிழர் வாயினின்றே பிறந்தது.

1984இற் கப்பற் சேவை நின்றபோது, இந்தியப் பிரசாவுரிமை பெற்றும் போகாதோர் பலர் இங்கேயே தங்கினர். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்ற நிலையைப் பெரும்பாலும் நீக்கின. 1953இற் குடித்தொகையில் 12 சதவீதமாயிருந்த இவ்வினம் 1981இல் 5.5 சதவீதமாகக் குறைந்திருந்தது. எனினும், தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்றபின் ஆசிரியரும் எழுத்தாளரும் சட்டவறிஞரும் இம்மக்களிடையே தோன்றினர். சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் தொடக்கிய இலக்கிய மரபு வளர்ந்தது. பிறர் இட்ட பெயரை விடுத்து, 'மலையகத் தமிழர்' எனத் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டமை அவ்வளர்ச்சியின் தலையாய பயனாகும்.

2023ஆம் ஆண்டில், முன்னோர் வந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மலையக மக்கள் நடந்து சென்று தம் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தனர். அன்று வந்தவர் கடன்பட்டு வந்தனர். இன்று நடந்தவர் உரிமை கேட்டு நடந்தனர். ஆயினும், காணியும் வீடும் அவர்களிற் பெரும்பாலோருக்கு இன்னும் சொந்தமாகவில்லை. மரத்தை வேரோடு பெயர்த்து நட்டாலும் அது தழைக்கும். ஆனால் அதற்கு நிலம் வேண்டும். தம் கடமையை இம்மக்கள் இரு கரையிலும் செய்து முடித்தனர். எஞ்சியுள்ளது மற்றையோர் கடமையேயாம்.