நாவலந்தீவின் நாண்

நாவலந்தீவின் விட்டம் ஓர் இலட்சம் யோசனை என்பதைத் தத்துவார்த்த சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத்தை ஓதுவோர் அறிவர். அத்தீவின் தென்கோடியில் உள்ள பரத க்ஷேத்திரத்தின் அகலம் 526 யோசனையும், ஒரு யோசனையின் பத்தொன்பது கூறுகளில் ஆறு கூறும் ஆகும் என்பதும் அங்கேயே சொல்லப்பட்டுள்ளது. பரதத்தின் வட எல்லை கிழக்கு மேற்காக நேர்கோடாய்ச் செல்வது. அக்கோட்டின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு? எவரும் நடந்து அளக்க இயலாத இத்தொலைவை, முன்னோர் மேற்கண்ட இரண்டு எண்களைக் கொண்டே கணித்தனர்.

பரதத்தின் வடிவை அவர்கள் வில்லாகக் கண்டனர். வட்டத்தின் வளைந்த பகுதி வில். அதன் இரு முனைகளை இணைக்கும் நேர்கோடு நாண். நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவரை நிற்பது அம்பு. இன்றைய பள்ளிப் பாடநூலிலும் வில்லும் நாணும் அப்பெயர்களுடனேயே உள்ளன. அம்பு மட்டும் எப்படியோ விடுபட்டுப் போயிற்று.

யதிவிருஷபரின் திலோயபண்ணத்தியும் நேமிசந்திரரின் திரிலோகசாரமும் தரும் விதி எளியது. விட்டத்திலிருந்து அம்பைக் கழித்து, மீதியை அம்பின் நான்கு மடங்கால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால் நாண் கிடைக்கும். விட்டம் 10, அம்பு 1 எனில், 9ஐ 4ஆல் பெருக்க 36, நாண் 6. இது ஏன் சரியாகிறது என்பதையும் காணலாம். வட்டத்தின் மையத்திலிருந்து நாணின் நடுவுக்கு 4, அங்கிருந்து நாணின் முனைக்கு 3, மையத்திலிருந்து அம்முனைக்கு 5. இம்மூன்றும் ஒரு செங்கோண முக்கோணத்தின் பக்கங்கள். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையிலான தொலைவைக் காணும் எந்தக் கணக்கும் இறுதியில் இந்த முக்கோணத்திடமே வந்து சேரும். பரதத்தின் அகலத்தை அம்பாகக் கொண்டால், நாண் 14,471 யோசனைக்குச் சற்று மிகும்.

நாவலந்தீவின் சுற்றளவு வேறு வகையைச் சேர்ந்தது. 3,16,227 யோசனை, 3 காவதம், 128 தனுசு, பதின்மூன்றரை அங்குலத்திற்குச் சிறிது மேல் என்று நூல்கள் அங்குலம் வரை இறங்கிக் கூறுகின்றன. வர்க்கமூலம் காண்பதில் அவர்களுக்கிருந்த தேர்ச்சி வியப்புக்குரியது. ஆயினும் வட்டத்திற்கு அவர்கள் கொண்ட விகிதம் பத்தின் வர்க்கமூலம். உண்மை விகிதம் அதனினும் சிறிது குறைவு. ஆகவே விடை இரண்டாயிரம் யோசனைக்கு மேல் மிகுந்துவிடுகிறது. நம் நூல்களின் பெருமை பேசுவோர் இந்த வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. நாணின் விதியில் வட்ட விகிதத்திற்கு வேலையே இல்லை. அது அன்றும் இன்றும் பிழையற்றது.

இரு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவைத் தீவுகளிலிருந்து அன்றாட உலகிற்குக் கொணர்ந்தவர்களுள் மகாவீராசாரியர் முதன்மையானவர். இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், அவர் இயற்றிய கணிதசாரசங்கிரகம் வட்டத்திற்கு நடைமுறை அளவு 3 என்றும், நுண்ணளவு பத்தின் வர்க்கமூலம் என்றும் பிரித்தே சொல்கிறது. இந்நூலை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1912இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. கணித வரலாற்று அறிஞர் டேவிட் யூஜின் ஸ்மித் அதற்கு முன்னுரை எழுதினார்.

அந்நூலின் கணக்குகளுள் ஒரு வகை இளையோர்க்கு இனிக்கும். இரு மலையுச்சிகளில் வான்வழி செல்லவல்ல துறவியர் இருவர் உள்ளனர். இடையிலுள்ள ஊருக்குப் பிச்சை ஏற்க இருவரும் நேரே இறங்குகின்றனர். கடந்த தொலைவோ இருவருக்கும் ஒன்றே. மலைகளின் உயரம் 22, 18, அடிவாரங்களின் இடைவெளி 20 எனக் கொண்டால் ஊர் எங்கே இருக்கும்? உயர்ந்த மலையிலிருந்து 6, மற்றதிலிருந்து 14. இருபத்திரண்டின் வர்க்கத்துடன் ஆறின் வர்க்கத்தைக் கூட்ட 520. பதினெட்டின் வர்க்கத்துடன் பதினான்கின் வர்க்கத்தைக் கூட்டினாலும் 520.